நீரால் குளிரும் கணினி: பராமரிப்பில் கவனிக்க வேண்டியவை

திருமணக் காட்சிப்பதிவுகளைத் தொகுப்போர், கட்டட வரைபடம் தயாரிப்போர், அசைவூட்டம் பயிலும் மாணவர் ஆகியோர் நீரால் குளிரும் கணினிகளை விரும்பி வாங்கத் தொடங்கியுள்ளனர். கோடையில் 40 பாகை செல்சியஸைத் தாண்டும் திருப்பதி, சித்தூர் வட்டாரத்தில் இவ்விருப்பம் இயல்பானதே. கடனில் வாங்கிய கணினி பழுதாகி நின்றாலும் மாதத் தவணை நிற்பதில்லை. ஆகவே வாடிக்கையாளர்கள் இதன் பராமரிப்பை அறிந்திருத்தல் நலம்.

செயலியின் மீது அமர்ந்துள்ள செம்புத் தகட்டில் மயிரிழை போன்ற நுண்ணிய கால்வாய்கள் உள்ளன. சிறிய பம்பு ஒன்று அவற்றின் வழியே நீர்மத்தைச் செலுத்துகிறது. சூடேறிய நீர்மம் குழாய் வழியாக ரேடியேட்டரை அடைந்து, மின்விசிறிகளின் காற்றில் ஆறி, மீண்டும் செயலிக்குத் திரும்புகிறது. பெருங்கணினிகளிலும் இம்முறை உண்டு. திருச்சிராப்பள்ளி தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில் 2022 மே 25 அன்று தொடங்கப்பெற்ற ‘பரம் பொருள்’ மீத்திறன் கணினி நீர்மக் குளிர்விப்பில்தான் இயங்குகிறது. நொடிக்கு 838 லட்சம் கோடி கணக்கீடுகள் செய்யும் திறனுடையது அது. ‘பொருள்’ என்னும் பெயர் வங்கியில் பணிபுரிவோர் செவிக்கு இனிக்கவே செய்கிறது!

வீட்டுக் கணினிகளில் பெரும்பாலானவை ஆலையிலேயே நீர்மம் நிரப்பி மூடப்பட்டவை. இவற்றைத் திறத்தல் கூடாது. திறந்தால் உத்தரவாதம் போய்விடும். இங்கு நம் பணி தூசி அகற்றுவது மட்டுமே. விசிறிக்கும் ரேடியேட்டருக்கும் இடையில் தூசி மெத்தைபோல் படிந்து காற்றை மறிக்கும். மூன்று மாதத்திற்கு ஒருமுறை, மின் இணைப்பை முற்றிலும் துண்டித்து, மென்தூரிகையாலும் காற்றூதியாலும் தூய்மை செய்யலாம். ஊதும்போது விசிறி இதழ்களை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். காற்றின் வேகத்தில் அவை அளவுமீறிச் சுழன்றால் தாங்கி கெடும். செம்புத் தகட்டைக் கழற்ற நேர்ந்தால் பழைய வெப்பப் பசையை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்துப் புதிதாக இடவேண்டும்.

நீர்மத்தை நாமே நிரப்பும் வகையில்தான் இடர்ப்பாடு மிகுதி. சித்தூர் வட்டாரத்துக் கிணற்று நீர் பெரும்பாலும் கருங்கல் பாறை இடுக்குகளில் தங்கியது. ஆழ்துளைக் கிணற்று நீரைக் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் வெண்மையாகப் படிவதை இல்லத்தரசியர் நன்கு அறிவர். கால்சியம், மக்னீசியம் உப்புகளாலாகிய அப்படிவு நுண்கால்வாய்களிலும் சேர்ந்து வழியை அடைக்கும். குறைந்த நீரை ஈடுசெய்யக் குழாய் நீரை அவ்வப்போது ஊற்றினால் உப்பும் கூடிக்கொண்டே போகும். குடிநீராக விற்கப்படும் சுத்திகரித்த நீரிலும் உப்பு எஞ்சியிருக்கும். மின்கலத்திற்கு ஊற்றும் நீரில் உப்பு இல்லாவிடினும், அரிப்பையும் பாசியையும் தடுக்கும் சேர்மங்கள் அதில் இல்லை. தயாரிப்பாளர் பரிந்துரைக்கும் குளிர்நீர்மமே தக்கது. ஒரே சுற்றில் செம்பும் அலுமினியமும் கலந்தால் அலுமினியம் விரைவில் அரிக்கப்படும். உதிரி பாகங்களைத் தனித்தனியே வாங்குவோர் இதனைக் கேட்டறிந்து வாங்குக.

நீர்மத்தை ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவது வழக்கம். நிறம் மங்கினாலோ துகள் மிதந்தாலோ அதற்கு முன்பே மாற்றவேண்டும். பழையதை வடித்து, காய்ச்சி வடித்த நீரால் அலசி, புதியதை நிரப்பியபின் பம்பிற்கு மட்டும் மின்சாரம் கொடுத்து, இணைப்புகளின் கீழ் காகிதத் துவாலை விரித்து ஒருநாள் ஓடவிடவேண்டும். துவாலை நனையாதிருந்தால் மட்டுமே மற்ற பாகங்களுக்கு மின்சாரம் தரலாம். பம்பில் களகளவென ஒலி கேட்டால் காற்று புகுந்திருக்கிறது எனக் கொள்க.

வருமான வரி விதிகள் தொழிலுக்குப் பயன்படும் கணினிக்கு ஆண்டுக்கு 40 விழுக்காடு தேய்மானம் அனுமதிக்கின்றன. பராமரிப்புச் செலவும் தொழிற்செலவே. ஆகவே குளிர்நீர்மம் வாங்கிய ரசீதையும் பாதுகாத்து வைக்கவும். உத்தரவாதச் சீட்டு, கணினி வாங்கிய ரசீது, நீர்மம் மாற்றிய தேதிக் குறிப்பு ஆகியன ஒரே உறையில் இருக்கட்டும். பழுது என்று போய் நின்றால் விற்பனையாளர் முதலில் கேட்பது அவற்றைத்தான்.