நடுக்குவாதத்துக்குக் குருத்தணு: எதை நம்பலாம்?

சித்தப்பாவுக்கு நடுக்குவாதம், அதாவது பார்க்கின்சன் நோய் என்று தெரிந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. சட்டைப் பொத்தான் போடவே கால் மணி நேரம் பிடிக்கிறது. கையெழுத்து எறும்பு ஊர்ந்த தடம் போலச் சிறுத்துவிட்டது. போன மாதம் சித்தி ஒரு வண்ணத் துண்டுப் பிரசுரத்தை நீட்டினார். "இந்த ஸ்டெம் செல் ஊசியைப் போட்டா மூளைல செத்த செல்லெல்லாம் திரும்ப முளைக்குமாம்ப்பா. நாலு தடவை போடணுமாம். நகையை வெச்சுக் கட்டிடலாம்னு இருக்கேன்" என்றார். அன்று அவரிடம் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். அந்தப் பிரசுரம் வேறு வீடுகளுக்கும் போயிருக்கும்.

கருந்திட்டில் நடப்பது

நடுமூளையில் கருந்திட்டு என்றொரு சிறு பகுதி உண்டு. அங்குள்ள நரம்பணுக்களில் கரிய நிறமி இருப்பதால் அந்தப் பெயர். அவை நீண்ட இழைகள் வழியாக, மூளையின் ஆழத்தில் இருக்கும் புட்டாமென் பகுதிக்கு டோபமைன் என்ற வேதிப்பொருளைக் கொண்டு சேர்க்கின்றன. நம் கைகால்கள் தங்குதடையின்றி அசைவதற்கு இது வேண்டும். பார்க்கின்சன் நோயில் இந்த அணுக்கள் மெல்ல மடிகின்றன. கை நடுங்கத் தொடங்கும்போதே ஏறத்தாழப் பாதி போயிருக்கும். லெவோடோபா மாத்திரை டோபமைன் குறையை ஈடுகட்டும்; அணுக்கள் மடிவதை அது நிறுத்தாது.

இன்னும் தனக்கென ஒரு வேலை அமையாத, பலவகை அணுக்களாக வளரக்கூடிய இளம் அணுவைத்தான் குருத்தணு, அதாவது ஸ்டெம் செல் என்கிறோம். மடிந்த அணுவுக்குப் பதிலாகப் புதியதை நட்டால் என்ன என்று ஆய்வாளர்கள் கேட்டது நியாயமான கேள்வி.

லண்டிலிருந்து கியோட்டோ வரை

1987இல் சுவீடனின் லண்ட் நகரில், கலைக்கப்பட்ட கருக்களிலிருந்து எடுத்த நரம்புத் திசுவை நோயாளிகளின் மூளையில் வைத்தார்கள். ஒருவருக்கே பல கருக்களின் திசு தேவைப்பட்டது. சிலர் வியக்கும்படி தேறினார்கள். ஆனால் அமெரிக்காவில் 40 பேரிடம் முறையாகச் சோதித்து 2001இல் வெளியிட்ட முடிவு ஏமாற்றம் தந்தது. எதிர்பார்த்த முன்னேற்றம் கிடைக்கவில்லை. சிலருக்கு மாத்திரையை நிறுத்திய பிறகும் கைகால்கள் கட்டுக்கு அடங்காமல் அசைந்தன. 2008இல் இன்னொன்றும் தெரிந்தது. பல ஆண்டுகளுக்கு முன் வைத்த இளம் அணுக்களுக்குள்ளும் பார்க்கின்சனின் புரதத் திரள்கள் படிந்திருந்தன. நட்ட செடியையும் அதே நோய் தொற்றியிருந்தது.

இடையில் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் ஷின்யா யமனாகா ஒரு கதவைத் திறந்தார். வளர்ந்த தோல் அணுவைப் பின்னோக்கித் திருப்பி, மீண்டும் குருத்தணு போல ஆக்கினார்: 2006இல் எலியில், 2007இல் மனிதரில். 2012இல் நோபல் பரிசு வந்தது. கருவைத் தேடிப் போக வேண்டிய தேவை இல்லாமல் ஆயிற்று.

அதே பல்கலைக்கழகத்தில் ஜுன் தகாஹாஷியின் குழு, இப்படி ஆக்கிய அணுக்களை டோபமைன் அணுக்களின் முன்னோடிகளாக வளர்த்து, 50 முதல் 69 வயது வரையான ஏழு பேருக்கு வைத்தது. வைத்த இடம் கருந்திட்டு அல்ல, புட்டாமென். கருந்திட்டில் நட்டால் இழை அவ்வளவு தூரம் வளர்ந்து போய்ச் சேர வேண்டுமே! 2025 ஏப்ரலில் 'நேச்சர்' இதழில் முடிவு வந்தது. இரண்டு ஆண்டுகளில் கட்டி எதுவும் வளரவில்லை. பலனை அளந்த ஆறு பேரில், மாத்திரை வேலை செய்யாத நேரத்து அசைவு நான்கு பேருக்கு மேம்பட்டிருந்தது. அமெரிக்காவிலும் கனடாவிலும் 12 பேரிடம் நடந்த இன்னொரு சோதனையும் அதே இதழில் வெளியானது. எனக்கு இது உண்மையிலேயே மகிழ்ச்சி தரும் செய்தி. ஆனாலும் ஏழும் பன்னிரண்டும் சிறிய எண்கள்.

பிரசுரத்து ஊசி வேறு

சித்தி காட்டிய பிரசுரத்தில் இருந்ததோ, இடுப்பு எலும்பு மஜ்ஜையிலிருந்து எடுத்த அணுவைத் தண்டுவட நீரில் செலுத்தும் முறை. அந்த அணு மூளைக்குள் போய் டோபமைன் அணுவாக மாறுவதில்லை. அது சுரக்கும் வளர்ச்சிக் காரணிகள் மிச்சமுள்ள நரம்பணுக்களைக் காக்கலாம் என்ற கருத்து உண்டு. அதை ஆராய்வதில் தவறும் இல்லை. ஏ.எல்.எஸ். என்னும் நரம்புச் சிதைவு நோய்க்கு இவ்வகையில் உருவான 'நியூரோன்' என்ற சிகிச்சை பெரிய சோதனையில் இலக்கை எட்டவில்லை. 2023இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் ஆலோசனைக் குழு அதை ஏற்க மறுத்தது.

கேடு வரவும் கூடும். பக்கவாதத்துக்காக வெளிநாடுகளில் இத்தகைய ஊசிகள் போட்டுக்கொண்ட ஒருவரின் தண்டுவடத்தில், பிறருடைய அணுக்களே கட்டியாக வளர்ந்து நடையைப் பறித்ததை 2016இல் ஒரு மருத்துவ இதழ் பதிவு செய்தது.

"போட்டுக்கிட்டவங்க நல்லாயிருக்குன்னு வீடியோல சொல்றாங்களே?" என்று கேட்டார் சித்தி. அவர்கள் பொய் சொல்வதாக நான் நினைக்கவில்லை. மேலே சொன்ன, 2001இல் முடிவு வெளியான அமெரிக்கச் சோதனையில் பாதிப் பேருக்கு மண்டையில் துளை மட்டும் போட்டார்கள், அணு எதுவும் வைக்கவில்லை. ஓராண்டு கழித்து விசாரித்தபோது, தனக்கு அணு வைத்ததாக நம்பியவர்கள், உண்மையில் வைத்திருந்தாலும் இல்லாவிட்டாலும், வாழ்க்கை மேம்பட்டதாகச் சொன்னார்கள். நம்பிக்கை தரும் தெம்பு மெய்யானதுதான். அதற்காக நகையை அடகு வைக்க வேண்டியதில்லை.

பணம் கட்டும் முன்

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டுதல், ரத்தப் புற்றுநோய் போன்ற சில நோய்களுக்கான ரத்தக் குருத்தணு மாற்றத்தைத்தான் சிகிச்சையாக ஏற்கிறது. மற்றவை ஆய்வாக மட்டுமே நடக்கலாம். ஆய்வென்றால் இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் அதற்கு ஓர் எண் இருக்க வேண்டும். நோயாளியிடம் காசு வாங்கக் கூடாது. "பதிவு எண் என்ன?" என்று கேளுங்கள். எண்ணுக்குப் பதில் ரசீது நீட்டினால் எழுந்து வந்துவிடுங்கள்.

சித்தப்பாவை மறுபடி நரம்பியல் மருத்துவரிடம் அழைத்துப் போனோம். அவர் முதலில் கேட்டது, மாத்திரையை எப்போது சாப்பிடுகிறீர்கள் என்று. இட்லி சாம்பாரோடு சேர்த்துத்தான் இத்தனை நாளும். பருப்பிலுள்ள புரதம் லெவோடோபா உடம்பில் சேர்வதைத் தடுக்கும் என்று சொல்லி, சாப்பாட்டுக்கு அரை மணி முன்பு போடச் சொன்னார். தினமும் வேக நடையும் இயன்முறைப் பயிற்சியும் எழுதிக் கொடுத்தார். மாத்திரை கைகொடுக்காத காலம் வந்தால் மூளைக்குள் மின்முனை பொருத்தும் அறுவை சிகிச்சையைப் பற்றிப் பேசலாம் என்றும் சொன்னார். இப்போது ஆறரைக்கு மாத்திரை, ஏழு மணிக்கு இட்லி. நேற்றுக் காலை பொத்தான்களைச் சித்தப்பாவே போட்டுக்கொண்டார்.