புது வீட்டுக்கு மின் இணைப்பு: குடிபுக நாள் குறிப்பதற்கு முன்

வளைகுடாவிலிருந்து ஒரு மாத விடுப்பில் வருகிறார். வெள்ளையடித்தாகிவிட்டது, குடிபுக நாளும் குறித்தாகிவிட்டது, விருந்துக்கும் சொல்லியாகிவிட்டது. மின் இணைப்புக்கு விண்ணப்பிக்கவில்லை என்பது அதற்குப் பிறகுதான் நினைவுக்கு வருகிறது. அவசரத்தில் யாரோ ஒருவரிடம் கையில் பணம் கொடுத்து, "எப்படியாவது முடித்துக் கொடுங்கள்" என்கிறோம். நம் ஊர்களில் அடிக்கடி காணும் காட்சி இது. சிக்கல் பெரும்பாலும் மின்வாரிய அலுவலகத்தில் அல்ல, நம் வீட்டுப் பத்திரத்தில்தான் தொடங்குகிறது.

விண்ணப்பத்தில் உள்ள பெயரும் உரிமை ஆவணத்தில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். காயல்பட்டினம், கீழக்கரை, அதிராம்பட்டினம் போன்ற ஊர்களில் வீட்டைப் பெண்மக்களுக்குக் கொடுக்கும் வழக்கம் உண்டு. பத்திரம் மகள் பெயரில் இருக்கும், ஆனால் விண்ணப்பிப்பவர் வாப்பாவாகவோ மாப்பிள்ளையாகவோ இருப்பார். அப்படிப் போனால் மனு திரும்பி வரும். உரிமையாளரான அந்தப் பெண்ணின் பெயரிலேயே விண்ணப்பித்துவிடுவதே எளிது. கணவர் வெளிநாட்டில் இருந்தாலும் இதற்காக அவர் வரவேண்டியதில்லை. விண்ணப்பம், ஆவணம், கட்டணம் எல்லாம் இணையத்திலேயே செலுத்தப்படுகின்றன.

இதைவிடச் சிக்கலானது, மவுத்தான வாப்பாவின் பெயரிலேயே இருக்கும் பாகம் பிரிக்காத நிலம். அதில் ஒரு மகன் வீடு கட்டியிருப்பார். வாரிசுச் சான்றிதழும் மற்ற வாரிசுதாரர்களின் சம்மதமும் கேட்கப்படும். சம்மதம் கிடைக்காத நிலையில், அங்கே சட்டப்படி குடியிருப்பதற்கான ஆதாரத்தோடு உறுதிப் பத்திரம் எழுதிக் கொடுத்து இணைப்புப் பெறவும் விதியில் வழி இருக்கிறது. ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். மின் இணைப்புக்காகச் சகோதரி போட்டுக் கொடுக்கும் கையெழுத்து, அவருடைய வாரிசுப் பங்கை விட்டுக்கொடுத்ததாக ஆகாது. "அன்றே கையெழுத்துப் போட்டாயே" என்று பின்னாளில் சொல்வதற்கு மார்க்கத்திலும் இடமில்லை, சட்டத்திலும் இடமில்லை.

கட்டட நிறைவுச் சான்று வேண்டுமா என்று பலரும் கேட்கிறார்கள். 2019-ஆம் ஆண்டின் கட்டட விதிகளின்படி, 12 மீட்டர் உயரத்துக்குள், மூன்று குடியிருப்புகளுக்குள், 750 சதுர மீட்டருக்குள் உள்ள வீட்டுக்கு அது தேவையில்லை. பின்னர் இந்த வரம்பு இன்னும் தளர்த்தப்பட்டது. அதற்காகத் திட்ட அனுமதி இல்லாமலே கட்டலாம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

வீடு கட்டும்போது பயன்படுத்தும் மின்சாரத்தில்தான் அதிகம் பேர் தவறுகிறார்கள். பக்கத்தில் உம்மா வீடு இருக்கும். அங்கிருந்து ஒரு ஒயரை இழுத்து மோட்டாரும் கட்டிங் மிஷினும் ஓட்டுவோம். அது நம் சொந்த மீட்டர்தான், பில்லும் நாம்தான் கட்டுகிறோம், இதில் என்ன தவறு என்று தோன்றும். வீட்டு உபயோகத்துக்கு மானிய விலையில் தரப்படும் மின்சாரத்தைக் கட்டுமானத்துக்குப் பயன்படுத்துவது அனுமதியில்லாத பயன்பாடு. மின்சாரச் சட்டம் 2003-இன் 126-ஆவது பிரிவின்படி, உரிய கட்டணத்தைப் போல் இரு மடங்கு கணக்கிட்டு வசூலிப்பார்கள். எப்போது தொடங்கியது என்று தெரியாவிட்டால் பன்னிரண்டு மாதத்துக்கும் கணக்கிடுவார்கள். ஆகவே அஸ்திவாரம் தோண்டும்போதே தற்காலிக இணைப்பு வாங்கிவிடுவது நல்லது. யூனிட்டுக்கு விலை கூடுதல்தான். வேலை முடிந்ததும் மறக்காமல் வீட்டுக் கட்டண விகிதத்துக்கு மாற்றக் கோர வேண்டும். குடியேறிய பிறகும் மாற்றாமல் விட்டுவிட்டு, பில் ஏன் இவ்வளவு வருகிறது என்று திகைப்பவர்களும் இருக்கிறார்கள்.

ஒயரிங் வேலையை உரிமம் பெற்றவரிடம் கொடுங்கள். அவர் கையெழுத்திடும் சோதனை அறிக்கை வெறும் காகிதமல்ல. எர்த் குழி சரியாக இருக்கிறதா, கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி பொருத்தப்பட்டிருக்கிறதா என்று நின்று பாருங்கள். அதில் உள்ள சோதனைப் பொத்தானை அழுத்தினால் மின்சாரம் நிற்க வேண்டும். பளிங்குக்கு லட்சக்கணக்கில் செலவழித்துவிட்டு இதில் சில ஆயிரம் ரூபாயை மிச்சப்படுத்துவது நமக்குப் புரியவில்லை. கீசரைத் தொடுவது நம் பிள்ளைகள்தானே.

மின் பளுவைக் குறைத்துக் காட்டவும் வேண்டாம். 4 கிலோவாட் வரை ஒரு முனை இணைப்பு போதும். இரண்டு மூன்று ஏசி போடும் வீட்டுக்கு மும்முனை இணைப்பையே முதலில் கேட்டுவிடலாம். அண்ணன் தம்பி இருவரும் மாடி மாடியாகத் தனித்தனிச் சமையலறையோடு குடியிருந்தால் தனித்தனி மீட்டர் பெறலாம். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் ஒவ்வொரு வீட்டு இணைப்புக்கும் உண்டு. ஒரே மீட்டரில் 500 யூனிட்டைத் தாண்டினால் 101 முதல் 200 யூனிட் வரையிலான மலிவு விலையும் போய்விடும். ஒரே குடும்பம் ஒரே வீட்டில் வாழ்ந்துகொண்டு, இலவச யூனிட்டுக்காக இரண்டு மீட்டர் வாங்குவது வேறு விஷயம். அது ஏமாற்று.

எத்தனை நாளில் கிடைக்க வேண்டும்? 2024-இல் திருத்தப்பட்ட மத்திய அரசின் நுகர்வோர் உரிமை விதிகளில் பெருநகரத்துக்கு 3 நாள், நகராட்சிப் பகுதிக்கு 7 நாள், கிராமத்துக்கு 15 நாள் என்று உச்ச வரம்பு சொல்லப்பட்டிருக்கிறது. புதிதாகக் கம்பம் நடவோ மின்மாற்றி வைக்கவோ வேண்டியிருந்தால் காலம் கூடும். மனு எண்ணையும் பணம் கட்டிய ரசீதையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். ரசீது இல்லாத எந்தப் பணமும் கட்டணம் அல்ல.

"டீ செலவுக்கு" என்று கேட்டால்? லஞ்சம் வாங்குபவரை மட்டுமல்ல, கொடுப்பவரையும் சேர்த்தே நபி (ஸல்) அவர்கள் சபித்திருக்கிறார்கள் என்பது நாம் அறிந்ததுதான். தாமதித்தால் உதவிப் பொறியாளரிடம் எழுத்தில் கேளுங்கள். அங்கே பதில் இல்லையென்றால் செயற்பொறியாளரிடம் போகலாம். 94987 94987 என்ற மின்னகம் எண்ணில் எந்த நேரமும் புகார் பதியலாம். பணம் கேட்டால் லஞ்ச ஒழிப்புத் துறை இருக்கிறது. இவற்றுக்கெல்லாம் சில நாட்கள் பிடிக்கும். அந்த நாட்கள் நம் கையில் இருக்க வேண்டுமென்றால், ஒயரிங் முடிந்த வாரமே மனுவைப் போட்டுவிட்டு, மீட்டர் சுழன்ற பிறகு விருந்துக்கு நாள் குறிக்கலாம்.