வாயசைவு ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம்!



கைப்பேசியில் படம் பார்க்கிறீர்கள். கதாநாயகன் வாயை மூடிய பிறகு வசனம் வருகிறது. பேரப்பிள்ளையோடு முகம் பார்த்துப் பேசுகிறீர்கள். அவன் சிரித்து முடித்த பிறகு சிரிப்புச் சத்தம் கேட்கிறது. "பழைய போன்தானே, அப்படித்தான் இருக்கும்" என்று விட்டுவிடுகிறோம். அப்படி விட்டுவிடக் கூடாது என்பதை எனக்கு உணர்த்தியவர் எங்கள் தோட்டத்துப் பாட்டி ஒருவர்.

2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியபோது, ஜொகூர் கடற்பாலத்தில் நம்மவர் போய்வர முடியாமற் போனது நினைவிருக்கும். சிங்கப்பூரில் வேலை செய்த பிள்ளைகள் பலர் அக்கரையிலேயே தங்கிவிட்டார்கள். எல்லை முழுதாகத் திறந்தது 2022 ஏப்ரல் 1-இல்தான். பாட்டியின் மகனும் அப்படித் தங்கியவர். பாட்டிக்குக் காது மந்தம். பேசுபவரின் வாயைப் பார்த்துத்தான் பாதிச் சொல்லைப் பிடிப்பார். மகன் கைப்பேசியில் முகம் காட்டியும் அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. "என் காது அடியோட போச்சு, வாத்தியாரே. இனிமே கூப்பிட வேணாம்னு அவன்கிட்ட சொல்லிடுங்க" என்று கண் கலங்கினார்.

பார்த்தால், கெட்டது காதல்ல! பாட்டிக்குச் சத்தமாகக் கேட்கட்டும் என்று பேரன் புளூடூத் ஒலிபெருக்கி ஒன்றை இணைத்திருந்தான். சத்தம் பெரிதாக வந்தது; ஆனால் பிந்தி வந்தது. அதை அகற்றிவிட்டு, கம்பியுள்ள இயர்போனை மாட்டிவிட்டோம். "சாப்பிட்டியான்னு கேக்கிறான்" என்று பாட்டி எங்களைப் பார்த்துச் சொன்னார்.

காது மந்தமானவர்கள் மட்டுமல்ல, நாம் எல்லாருமே கண்ணாலும் கேட்கிறோம். 1976-இல் இங்கிலாந்தில் ஹாரி மெக்கர்க், ஜான் மெக்டொனால்ட் என்ற இருவர் ஒரு சோதனை செய்தார்கள். 'க' என்று அசையும் வாய்க்கு, 'ப' என்ற குரலைச் சேர்த்து ஒலிக்கவிட்டார்கள். பெரியவர்களில் பலருக்குக் கேட்டது இரண்டும் அல்ல, 'த'! லகர, ளகர, ழகர வேறுபாட்டைக் காணொளி பார்த்துப் பழகும் பிள்ளைக்கும் வாயும் குரலும் சேர்ந்து வருவது எத்தனை அவசியம் என்று எண்ணிப் பாருங்கள்.

மின்னல் முன்னே, இடி பின்னே என்பது இயற்கை. ஆகவே குரல் சற்றுப் பிந்தினால் நாம் பொறுத்துக்கொள்கிறோம். முந்தினால் உடனே உறுத்துகிறது. ஒரு நொடியை 1000 பங்காக்கினால், குரல் 45 பங்கு முந்தினாலோ 125 பங்கு பிந்தினாலோ பார்ப்பவர் கண்டுபிடித்துவிடுவர் என்று அனைத்துலகத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 1998-இல் வரையறுத்தது.

இது புதிய தொல்லையும் அல்ல. தோட்டத்துத் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் போட்ட காலத்தைப் பெரியவர்கள் அறிவார்கள். 16 மில்லிமீட்டர் படச்சுருளில் நொடிக்கு 24 படங்கள் ஓடும். ஒரு படத்துக்குரிய ஒலி அதன் பக்கத்திலேயே இராது; 26 படங்கள் முன்தள்ளிப் பதிந்திருக்கும். சுருளை மாட்டுபவர் உள்ளே விடும் வளையத்தின் அளவு தவறினால் வாயும் வசனமும் பிரிந்துவிடும். திடலில் விசில் பறக்கும்!

கைப்பேசியிலும் படமும் ஒலியும் தனித்தனியேதான் வருகின்றன. ஒலி, மோட்டார் சைக்கிள் போல, சுமை குறைவு. படமோ செம்பனைக் குலை ஏற்றிய லாரி. இரண்டும் ஒன்றாகப் புறப்பட்டாலும், மேட்டில் லாரி பின்தங்கும். பழைய கைப்பேசி அந்த மேடுதான்.

சரி, என்ன செய்யலாம்?

முதலில் கைதட்டிப் பாருங்கள். மறுமுனையில் இருப்பவரை முகத்துக்கு நேரே தட்டச் சொல்லுங்கள். கை சேர்ந்த பிறகு சத்தம் வந்தால் குரல் பிந்துகிறது. சேருமுன் வந்தால் முந்துகிறது. பிந்தினால், புளூடூத்தை அணைத்துவிட்டு மறுபடி பாருங்கள். கம்பியில்லா இயர்போனில் குரல் 0.1 முதல் 0.3 நொடி வரை பிந்துவது சாதாரணம்.

அடுத்து, சுமையை இறக்குங்கள். திறந்துகிடக்கும் செயலிகளை மூடுங்கள். கைப்பேசியை அணைத்துத் திறவுங்கள். வேண்டாத படங்களை அழித்து இடம் விடுங்கள். யூடியூப்பில் படத்தின் தரத்தை 360-க்குக் குறையுங்கள். கைப்பேசி சூடேறினால் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். மின்னேற்றிக்கொண்டே படம் பார்க்காதீர்கள்.

மூன்றாவது, அதே காணொளியை வேறொரு கைப்பேசியில் ஓட்டுங்கள். அங்கும் கோளாறு என்றால் குறை காணொளியிலேயே இருக்கிறது. விஎல்சி என்ற இலவசச் செயலியில் திறந்து, ஒலித் தாமதம் என்னும் இடத்தில் திருத்தலாம். குரல் முந்தினால் எண்ணைக் கூட்டுங்கள், பிந்தினால் குறையுங்கள். அங்கே சரியாக ஓடி, உங்களிடம் மட்டும் திணறினால், அது எச்.265 என்ற புதிய முறையில் பதிந்ததாக இருக்கலாம். பழைய கைப்பேசிகள் பலவற்றுக்கு அம்முறை பழக்கமில்லை. அனுப்பியவரிடம், ஆவணமாக அனுப்பாமல் வாட்ஸ்அப்பில் சாதாரணக் காணொளியாகவே அனுப்பச் சொல்லுங்கள். சுமை குறைந்து வரும்.

நான்காவது, முகம் பார்த்துப் பேசும்போது அலைவரிசை நன்றாகக் கிடைக்கும் இடத்துக்குப் போங்கள். நம் நாட்டில் 3ஜி சேவை 2021 இறுதியில் நிறுத்தப்பட்டது. ஆகவே 4ஜி இல்லாத கைப்பேசிக்கு வைஃபை இருந்தால்தான் காணொளி ஓடும். அலை மெலிந்தால் முதலில் தடுமாறுவது படம். அவசரச் செய்தியென்றால் படத்தை நிறுத்திவிட்டுக் குரலில் மட்டும் பேசுங்கள். காது மந்தமானவர்களுக்கு அதையே எழுதியும் அனுப்புங்கள்.

இத்தனையும் செய்து பார்த்த பிறகு புதுக் கைப்பேசியைப் பற்றி யோசிக்கலாம். அதற்கு முன் பல நூறு வெள்ளியைக் கடைக்காரரிடம் கொடுத்துவிடாதீர்கள்.

ஒரு வேண்டுகோள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுப் பெரியவரின் கைப்பேசியை வாங்கி, அந்தக் கைதட்டுச் சோதனையைச் செய்து பாருங்கள். பாட்டியைப் போல அவரும் தம் காதைத்தான் குறை சொல்லிக்கொண்டிருப்பார். உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்.