கவண் எறிந்த தீவில் பந்து அடித்த வீரர்!

உயரமான ஒரு கழி. அதன் நுனியில் ஒரு ரொட்டித் துண்டு. கீழே, கையில் கவணோடு ஒரு சிறுவன். அவனுக்கு நல்ல பசி!

பக்கத்தில் அம்மா நிற்கிறாள். ஆனால், ரொட்டியை எடுத்துக் கொடுக்க மாட்டாள். கவண் கல்லால் அதை அடித்துவிட்டால் சாப்பாடு. அடிக்காவிட்டால் பட்டினி!

பிள்ளைகளை இப்படியா வளர்ப்பார்கள் என்று தாய்மார்கள் கோபப்படலாம். சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த டியோடோரஸ் என்ற கிரேக்க ஆசிரியர், ஒரு தீவு மக்களைப் பற்றி இப்படித்தான் எழுதி வைத்திருக்கிறார்.

அந்தத் தீவின் பெயர் மயோர்க்கா. மத்தியதரைக் கடலில், ஸ்பெயின் நாட்டின் கிழக்குக் கரைக்கு அப்பால் இருக்கிறது. இதையும், பக்கத்தில் உள்ள மெனோர்க்கா, இபிசா, போர்மென்டேரா ஆகிய தீவுகளையும் சேர்த்துப் பாலியாரிக் தீவுகள் என்பார்கள். நான்கில் பெரியது மயோர்க்காதான். ஸ்பெயின் நாட்டுக்குச் சொந்தமான இந்தத் தீவுகளில் ஸ்பானிய மொழியும், கத்தலான் மொழியும் பேசுகிறார்கள்.

பழைய காலத்தில் அந்தத் தீவு கவண் வீரர்களால் பெயர் பெற்றது. நம் காலத்தில் ஒரு டென்னிஸ் வீரரால் பெயர் பெற்றது. அவர் ரபேல் நடால்.

தோலால் மூடிய கப்பல்கள்

கவண் வீரர்களின் கதையை முதலில் முடித்துவிடுவோம்.

அவர்கள் ஒவ்வொருவரும் மூன்று கவண் வைத்திருப்பார்கள். ஒன்றைத் தலையில் சுற்றிக் கொள்வார்கள். ஒன்றை இடுப்பில் கட்டிக் கொள்வார்கள். மூன்றாவது கையில் இருக்கும். ரோமாபுரியை நடுங்க வைத்த அனிபாலின் படையில் இவர்கள் கூலிக்குச் சண்டை போட்டார்கள்.

கி.மு. 123-ம் ஆண்டில் மெட்டல்லஸ் என்ற ரோமானியத் தளபதி இந்தத் தீவுகளைப் பிடிக்கக் கப்பல்களில் வந்தார். அவருக்குக் கவண் கல்லின் வேகம் தெரியும். அதனால், கப்பல்களின் மேல்தளத்தில் விலங்குத் தோலை விரித்துக் கட்டச் செய்தார். கற்கள் தோலில் பட்டு விழுந்தன. கப்பல்கள் கரை சேர்ந்தன. தீவு ரோமானியர் கைக்குப் போயிற்று.

கவண் மட்டும் போய்விடவில்லை! கவண் எறிவது இன்றும் அங்கே ஒரு விளையாட்டு. குறிப்பலகை வைத்துப் போட்டி நடத்துகிறார்கள். ரொட்டி வைப்பதில்லை.

சுண்ணாம்பு இல்லாத சுவர்

ரோமானியருக்குப் பிறகு பலர் வந்தார்கள். கி.பி. 902-க்குப் பின் அரேபியர்கள் 300 ஆண்டுகளுக்கு மேல் ஆண்டார்கள். 1229-ம் ஆண்டு டிசம்பர் 31-ந் தேதி அரகான் நாட்டு அரசர் முதலாம் ஜெய்மே தலைநகர் பால்மாவைப் பிடித்தார். அந்த நாளை இன்றும் பால்மாவில் விழாவாகக் கொண்டாடுகிறார்கள்.

அரேபியர்கள் விட்டுப்போன பெரிய சொத்து, தண்ணீரை ஆளும் வித்தை. தீவின் வடமேற்கே திராமுந்தானா என்ற மலைத்தொடர் இருக்கிறது. செங்குத்தான மலை. அதில் விவசாயம் செய்ய முடியுமா? செய்தார்கள்! மலைச் சரிவைப் படிப்படியாக வெட்டினார்கள். ஒவ்வொரு படிக்கும் கல்லால் ஒரு தடுப்புச் சுவர் எழுப்பினார்கள். படிகளில் ஆலிவ், எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களை நட்டார்கள். வாய்க்கால் வெட்டி ஊற்று நீரைக் கொண்டு வந்தார்கள்.

அந்தச் சுவர்களில் சுண்ணாம்பு கிடையாது. சிமெண்டு கிடையாது. கல்லின் மேல் கல். அவ்வளவுதான்! எந்தக் கல் எந்தக் கல்லோடு பொருந்தும் என்று கையில் எடுத்துப் பார்த்து, ஓரத்தைத் தட்டி, அடுக்குகிறார்கள். மழை பெய்தால் இடுக்குகள் வழியாகத் தண்ணீர் வடிந்துவிடும். மண் நின்றுவிடும். சிமெண்டு பூசினால் தண்ணீர் உள்ளே தேங்கிச் சுவரையே தள்ளிவிடும். பூச்சு இல்லாததுதான் அதன் பலம்.

ஆனால், அந்தத் தொழிலுக்கு ஒரு சோதனை வந்தது. 1950-களுக்குப் பிறகு வெளிநாட்டு உல்லாசப் பயணிகள் கூட்டம் கூட்டமாகத் தீவுக்கு வரத் தொடங்கினார்கள். கடற்கரையில் ஓட்டல்கள் முளைத்தன. மலையில் கல் சுமந்தவர்களின் பிள்ளைகள் ஓட்டல் வேலைக்குப் போனார்கள். கவனிப்பார் இல்லாமல் சுவர்கள் சரிந்தன.

நல்ல வேளையாக 1980-களில் சிலர் விழித்துக்கொண்டார்கள். கல் அடுக்கும் வேலையைக் கற்றுக் கொடுக்கப் பள்ளிக்கூடம் தொடங்கினார்கள். 2011-ம் ஆண்டில் திராமுந்தானா மலையை உலகப் பாரம்பரியச் சின்னமாக யுனெஸ்கோ அறிவித்தது. கல் அடுக்கும் கலைக்கே 2018-ல் தனிச் சிறப்பு கிடைத்தது. ஸ்பெயின் உள்ளிட்ட 8 ஐரோப்பிய நாடுகளுக்கு அது சேர்த்து அளிக்கப்பட்டது.

பயணிகளின் தொல்லை தீர்ந்ததா? இல்லை. மயோர்க்காவின் மக்கள் தொகை 10 லட்சத்துக்கும் குறைவு. ஆண்டுக்கு வந்து போகும் பயணிகளோ ஒரு கோடிக்கு மேல்! வீட்டு வாடகை விஷம் போல் ஏறிற்று. 2024-ம் ஆண்டில் பால்மா தெருக்களில் ஆயிரக்கணக்கானோர் ஊர்வலம் போனார்கள். "எங்கள் ஊரில் எங்களுக்கே வீடு இல்லையா?" என்பதுதான் அவர்கள் கேள்வி.

ஆட்டம் எப்படி?

இனி டென்னிசுக்கு வருவோம். பத்திரிகையில் "6-4, 7-5" என்று பார்த்துவிட்டு, ஒன்றும் புரியாமல் பக்கத்தைத் திருப்புகிறவர்கள் பலர். நானும் ஒரு காலத்தில் அப்படித் திருப்பியவன்தான். உண்மையில் அது பெரிய கம்பசூத்திரம் அல்ல.

ஆடுகளத்தின் நீளம் 78 அடி. இருவர் மட்டும் ஆடும் ஒற்றையர் ஆட்டத்துக்கு அகலம் 27 அடி. நால்வர் ஆடும் இரட்டையர் ஆட்டத்துக்கு 36 அடி. குறுக்கே வலை. அதன் உயரம் ஓரக் கம்பங்களில் மூன்றரை அடி, நடுவில் 3 அடி.

பந்து ஒரு தடவை தரையில் பட்டு எழலாம். இரண்டாம் தடவை படுவதற்குள் திருப்பி அடிக்க வேண்டும். தரையில் படாமலே அடித்தாலும் சரி. வலையில் முட்டி நின்றாலோ, எல்லைக் கோட்டுக்கு வெளியே விழுந்தாலோ எதிரிக்குப் புள்ளி. கோட்டின் மேல் விழுந்தால்? அது உள்ளே விழுந்த கணக்குதான்.

ஆட்டத்தைத் தொடங்கி வைக்கும் அடிக்கு "சர்வீஸ்" என்று பெயர். பின்கோட்டுக்கு அப்பால் நின்று, பந்தை மேலே தூக்கிப் போட்டு, எதிரியின் பக்கத்தில் குறுக்காக உள்ள கட்டத்துக்குள் விழும்படி அடிக்க வேண்டும். ஒரு தடவை தவறினால் மன்னிப்பு உண்டு. இரண்டாம் தடவையும் தவறினால் புள்ளி போயிற்று!

இது என்ன கணக்கு?

இனிமேல்தான் வேடிக்கை. முதல் புள்ளி எடுத்தால் 1 என்று சொல்ல மாட்டார்கள். 15 என்பார்கள்! இரண்டாவது புள்ளிக்கு 30. மூன்றாவதற்கு 45 என்றுதானே நினைப்பீர்கள்? இல்லை, 40! ஒன்றும் எடுக்காதவருக்கு "லவ்". லவ் என்றால் அன்பு என்று எண்ணிவிடாதீர்கள். இங்கே அது சைபர்!

40-க்குப் பிறகு இன்னொரு புள்ளி எடுத்தால் ஒரு "கேம்" முடிந்தது. ஆனால், இருவருமே 40-ல் வந்து நின்றால் அதற்கு "டியூஸ்" என்று பெயர். அப்போது அடுத்தடுத்து இரண்டு புள்ளி எடுப்பவருக்குத்தான் கேம். ஒன்று எடுத்து, அடுத்ததைக் கோட்டை விட்டால் மறுபடி டியூஸ். பரமபதத்தில் பாம்பு கடித்தது போல!

யார் முதலில் 6 கேம் எடுக்கிறாரோ அவருக்கு ஒரு "செட்". ஆனால், 2 கேம் வித்தியாசம் இருக்க வேண்டும். 6-4 சரி. 6-5 போதாது, 7-5 ஆக வேண்டும். 6-6 என்று நின்றால் "டை-பிரேக்" என்ற தனி ஆட்டம். அதில் மட்டும் ஒழுங்காக 1, 2, 3 என்று எண்ணுவார்கள். 2 புள்ளி வித்தியாசத்தில் 7 எடுத்தவர் செட்டைத் தட்டிக்கொண்டு போவார்.

பெண்கள் ஆட்டத்தில் 3 செட்டுகளில் இரண்டை வென்றால் வெற்றி. மிகப் பெரிய நான்கு போட்டிகளில் ஆண்களுக்கு 5 செட்டுகளில் மூன்று.

கடைசி செட்டில் டை-பிரேக் இல்லாத காலமும் இருந்தது. அது எங்கே கொண்டு போய் விட்டது தெரியுமா? 2010-ம் ஆண்டு விம்பிள்டனில் ஐஸ்னர் என்ற அமெரிக்கரும் மகூ என்ற பிரெஞ்சுக்காரரும் ஆடினார்கள். ஆட்டம் மூன்று நாள் நீடித்தது! மொத்தம் 11 மணி 5 நிமிடம். கடைசி செட்டில் 70-68 என்று ஐஸ்னர் வென்றார். ஆட்ட எண்ணிக்கை காட்டும் மின்சாரப் பலகையே நடுவில் ஓய்ந்துவிட்டது.

சித்தப்பா கொடுத்த மட்டை

பால்மாவுக்குக் கிழக்கே சுமார் 50 கிலோமீட்டரில் மானகோர் என்ற ஊர் இருக்கிறது. கண்ணாடி மணிக்கு மீன் செதிலில் எடுத்த பூச்சைப் பூசி உண்டாக்கும் செயற்கை முத்துக்கு அந்த வட்டாரம் பேர் போனது. மரச் சாமான்களுக்கும்தான். அதைச் சேர்ந்த கடற்கரையில் ட்ராக் குகை என்ற பெரிய குகை இருக்கிறது. உள்ளே ஓர் ஏரி! விளக்கேற்றிய படகில் இசை வாத்தியம் வாசித்துக்கொண்டு வருவார்கள். பார்க்க வந்தவர்கள் இருட்டில் உட்கார்ந்து கேட்பார்கள்.

அந்த மானகோரில் 1986-ம் ஆண்டு ஜூன் 3-ந் தேதி பிறந்தவர் நடால். அவருடைய சித்தப்பா மிகேல் ஏஞ்சல் நடால், மூன்று உலகக் கோப்பைப் போட்டிகளில் ஸ்பெயினுக்காக ஆடிய கால்பந்து வீரர். இன்னொரு சித்தப்பா டோனி, டென்னிஸ் ஆசிரியர். அவர்தான் சின்னப் பையனின் கையில் மட்டையைக் கொடுத்தார். எழுதுவதற்கு வலக்கை, டென்னிசுக்கு இடக்கை என்று பழகினான் பையன்.

டோனி சித்தப்பா கண்டிப்புப் பேர்வழி. அண்ணன் மகன் என்று சலுகை காட்டவில்லை. மற்றப் பிள்ளைகளை விட அதிகமான பந்துகளைப் பொறுக்க வேண்டியவன் நடால்தான். பயிற்சி முடிந்ததும் துடைப்பத்தை எடுத்துக் களத்தைப் பெருக்க வேண்டியவனும் அவனே!

பாரீசு நகரில் நடக்கும் பிரெஞ்சுப் போட்டியில் 2005-ம் ஆண்டு முதல் தடவையாக ஆடினார். அப்போது 19 வயது. ஆடிய முதல் தடவையே கோப்பை! அதன் பிறகு 2022 வரை அதே போட்டியில் மொத்தம் 14 தடவை வென்றார். அங்கே அவர் ஆடிய 116 ஆட்டங்களில் தோற்றது நான்கே நான்கு.

எப்படி முடிந்தது? பாதி ரகசியம் மண்ணில் இருக்கிறது. பிரெஞ்சுப் போட்டியின் களத்தில் மேலே தூவியிருப்பது செங்கல் பொடி. பந்து அதில் பட்டதும் வேகம் குறைந்து, உயரமாக எழும்பும். மீதி ரகசியம் நடாலின் மணிக்கட்டில். பந்தைக் கீழிருந்து மேலாகத் தேய்த்து அடிப்பார். அது கிறுகிறுவென்று முன்னோக்கிச் சுழன்று, வலையைத் தாண்டியதும் சட்டென்று இறங்கி, தரையில் பட்டதும் எதிரியின் தோள் உயரத்துக்குத் துள்ளும். தோள் உயரத்தில் வரும் பந்தைப் புறங்கைப் பக்கம் அடிப்பது எவ்வளவு கஷ்டம் என்று மட்டை பிடித்தவர்களுக்குத் தெரியும்.

பாதி மண், பாதி புல்!

மண்ணுக்கு நடால் என்றால், புல்தரைக்கு சுவிட்சர்லாந்தின் பெடரர். இருவரில் யார் பெரியவர்? 2007-ம் ஆண்டு மே 2-ந் தேதி பால்மாவில் ஒரு விசித்திரமான ஆட்டம் நடத்தினார்கள். வலைக்கு ஒரு பக்கம் மண். மறு பக்கம் புல்!

அப்போது மண்ணில் நடால் தொடர்ந்து 72 ஆட்டங்கள் வென்றிருந்தார். புல்லில் பெடரர் 48. களத்தைத் தயாரிக்க 19 நாள் ஆயிற்று. வளர்த்த புல்லைப் புழு தின்றுவிட்டதால், கடைசி நேரத்தில் வேறு புல் கொண்டு வந்து பதித்தார்கள். பக்கம் மாறும் போதெல்லாம் இருவரும் செருப்புக் கடைக்கு வந்தவர்கள் மாதிரி உட்கார்ந்து காலணியை மாற்றிக்கொண்டார்கள்.

7-5, 4-6, 7-6. நடால் வென்றார். கடைசி டை-பிரேக் 12-10 வரை போயிற்று. இந்தக் கணக்கு இப்போது வாசகர்களுக்குத் தானாகப் புரிந்திருக்குமே!

சேற்றில் ஒரு துடைப்பம்

2018-ம் ஆண்டு அக்டோபர் 9-ந் தேதி. மானகோருக்குப் பக்கத்து ஊர் சான் யொரென்ஸ். அன்று மாலை வானம் பொத்துக்கொண்டு கொட்டியது. ஊருக்குள் ஓடும் காட்டாறு கரை புரண்டது. தெருவில் நின்ற கார்களை வெள்ளம் அடித்துக்கொண்டு போயிற்று. 13 பேர் இறந்தார்கள்.

மறுநாள் காலை ஊர் முழுவதும் சேறு. வீடு வீடாகச் சேற்றை வாரிக் கொட்டிய கூட்டத்தில் முழங்கால் வரை ரப்பர் செருப்புப் போட்ட ஒருவர், துடைப்பத்தால் சேற்றுத் தண்ணீரைத் தள்ளிக்கொண்டிருந்தார். பத்திரிகைக்காரர்கள் படம் எடுத்த பிறகுதான் உலகத்துக்குத் தெரிந்தது, அவர் நடால் என்று. அப்போது அவர் வாங்கியிருந்த பெரிய பட்டங்கள் 17. பின்னர் அது 22 ஆயிற்று. 2024 நவம்பரில், ஸ்பெயினின் மலாகா நகரில் கடைசி ஆட்டத்தை ஆடிவிட்டு ஓய்வு பெற்றார்.

மானகோரில் 2016-ம் ஆண்டு அவர் தொடங்கிய டென்னிஸ் பள்ளியில், வெளியூர்ப் பிள்ளைகள் தங்கிப் படிக்க விடுதி இருக்கிறது. வெள்ளத்தில் வீடு இழந்தவர்கள் யார் வந்தாலும் தங்கலாம் என்று அதன் கதவுகளை அவர் திறந்து விட்டார்.