யானை மலிவு, தீனி மலிவா?

பெரிய கார்! உயரமான கார்! உள்ளே மெத்தென்ற தோல் ஆசனங்கள். சேறு, பனி, மேடு, பள்ளம் எதிலும் ஓடும்.

அதன் பெயர், "ரேஞ்ச் ரோவர்."

பிரிட்டனில் சோலிஹல் என்ற ஊரில் தயாராகும் கார் இது. முதல் கார் 1970-ல் வெளிவந்தது. 2008-ம் ஆண்டில் இந்தக் கம்பெனியை இந்தியாவின் டாட்டா மோட்டார்ஸ் வாங்கியது.

புதுக் காரைப் பணக்காரர்கள்தான் வாங்க முடியும். பழைய கார் அப்படி அல்ல. 15 வருடம் ஓடிய ரேஞ்ச் ரோவர், பிரிட்டனில் ஒரு சின்னப் புதுக் காரைவிடக் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது!

"இவ்வளவு மலிவா?" என்று, சேர்த்து வைத்த பணத்தைக் கொட்டுகிறவர்கள் உண்டு.

ஆபத்து அங்கேதான் இருக்கிறது. காரின் விலைதான் குறைந்தது. உதிரிப் பாகங்களின் விலை குறையவில்லை!

காற்றுப் பை

சாதாரண காரை இரும்புச் சுருள்கள் தாங்குகின்றன. 2002 முதல் 2012 வரை வந்த ரேஞ்ச் ரோவரைத் தாங்குபவை, 4 ரப்பர் காற்றுப் பைகள். காரின் எடையோ சுமார் 2½ டன்!

வயதானால் ரப்பர் வெடிக்கும். காற்று கசியும். அதை ஈடு செய்யக் காற்றுப் பம்பு ஓயாமல் ஓடும். கடைசியில் பம்பும் கெட்டுவிடும். ஒரு செலவு இரண்டு செலவு ஆகும்.

இதை எப்படிக் கண்டுபிடிப்பது?

காலையில், என்ஜினைக் கிளப்பும் முன்பே போய்ப் பார்க்க வேண்டும். ஒரு மூலை மட்டும் தாழ்ந்து இருந்தால், அங்கே கசிவு இருக்கலாம். என்ஜின் மூடியைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருக்கிறதா? அப்படியானால், நீங்கள் வரும் முன்பே காரை ஓட்டி, நிமிர்த்தி வைத்திருக்கக்கூடும்!

தண்ணீரும் எண்ணெயும்

என்ஜினைக் குளிர வைக்கும் தண்ணீர், பிளாஸ்டிக் குழாய்கள் வழியாகவும் போகிறது. பல வருடச் சூட்டில் பிளாஸ்டிக் நொறுங்கும். தண்ணீர் ஒழுகினால் என்ஜின் கொதிக்கும். அதன் அலுமினியத் தலைப்பகுதி வளைந்துவிடும். அந்த ரிப்பேர், கார் வாங்கிய விலையையே எட்டிவிடலாம். ஆகவே, கார் நின்ற தரையில் ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள்.

கியர் பெட்டிக்கு எண்ணெய் மாற்றியது எப்போது என்றும் கேட்க வேண்டும். "மாற்றவே வேண்டாம்" என்பார்கள். நம்பக் கூடாது. இந்தக் கார்கள் பலவற்றில் இருப்பது ஜெர்மனியின் இசட்.எப். கியர் பெட்டி. 80 ஆயிரம் முதல் 1 லட்சத்து 20 ஆயிரம் கிலோ மீட்டருக்குள் எண்ணெய் மாற்றும்படி அந்தக் கம்பெனியே சொல்கிறது.

பதிவேடு பேசும்

பிரிட்டனில் பழைய கார்களுக்கு ஆண்டுதோறும் "எம்.ஓ.டி." பரிசோதனை உண்டு. கார் எத்தனை மைல் ஓடியது, எதில் தவறியது என்ற விவரங்களை அரசாங்க இணைய தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். விற்பவர் மறைத்தாலும் பதிவேடு மறைக்காது.

முடிவாக ஒன்று. கையில் உள்ள பணம் முழுவதையும் காரிலேயே போடக் கூடாது. ஒரு பகுதியை ரிப்பேருக்கு ஒதுக்க வேண்டும். ஒதுக்க முடியாத குடும்பத்துக்குச் சின்னக் காரே நல்லது.

யானையை வாங்குவது ஒரு நாள் செலவு. தீனி போடுவது தினமும் செலவு!