பாலித் தீவின் படிக்கட்டு வயல்கள் – மோட்டார் சைக்கிளில் ஒரு நாள்

மலைச்சரிவைப் படிக்கட்டாக வெட்டி, ஒவ்வொரு படியிலும் நீரைத் தேக்கி நெல் விளைவிக்கும் முறை ஆசிய நாடுகள் பலவற்றில் உள்ளது. இந்தோனேசியாவைச் சேர்ந்த பாலித் தீவு இதற்குப் பெயர் பெற்றது. இங்குள்ள படிக்கட்டு வயல்களையும், அவற்றின் நீர்க் கோயில்களையும், பாசன முறையையும் 2012ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. இவ்வயல்களின் அழகைக் காணப் பல நாட்டவரும் வருகின்றனர். ஆனால், உழவர் ஒருவர் அங்கே சென்றால் அவர் கண்ணில் முதலில் படுவது அழகன்று. மேல் வயலில் நிற்கும் தண்ணீர் கீழ் வயலுக்கு எப்படி வந்து சேருகிறது, அதை யார் திறந்து விடுகிறார்கள் என்பதே அவருக்கு எழும் கேள்வி. இதற்கு விடை காண ஒரு நாள் பயணம் போதுமானது. அப்பயணத்தை எவ்வாறு மேற்கொள்வது, வழியில் எவற்றைக் கவனிப்பது என்பதை இங்கே காண்போம்.

வழியும் வாகனமும்

உபுத் என்னும் ஊரிலிருந்து புறப்படுவது வசதியானது. அங்கிருந்து வடக்கே தெகல்லாலாங், தம்பாக்சிரிங் வழியாகக் கிந்தாமணி மலை வரை ஏறி, பெங்லிப்புரான் கிராமத்தைப் பார்த்துவிட்டு மாலையில் திரும்பலாம். மொத்தம் சுமார் 80 கிலோமீட்டர். தண்ணீர் கீழே இறங்கி வரும் திசைக்கு எதிராக நாம் மேலே ஏறிச் செல்வதால், கடைமடையில் தொடங்கித் தலைமடை வரை ஒரே நாளில் பார்த்துவிட முடியும்.

பேருந்தும் காரும் பெரிய சாலையோடு நின்றுவிடும். வாய்க்காலை ஒட்டிய கிராமப் பாதைகள் குறுகலானவை. அவற்றில் செல்லவும், மதகு கண்ட இடத்தில் நிறுத்திப் பார்க்கவும் மோட்டார் சைக்கிளே ஏற்றது. உள்ளூர் வழிகாட்டி ஒருவரை அமர்த்திக்கொள்வது அவசியம். அவர் முன்னால் ஓட்டிச் செல்ல நீங்கள் பின்தொடரலாம். மலைப்பாதையில் ஓட்டிப் பழக்கமில்லாதவர்கள் அவருடைய வண்டியின் பின் இருக்கையில் அமர்ந்து செல்வதே நல்லது. விவசாயக் குடும்பத்தைச் சேர்ந்த வழிகாட்டி கிடைத்தால் மேலும் நன்மை. எந்தப் பகுதியில் உழவு நடக்கிறது, எங்கே நடவு, எங்கே அறுவடை என்பது அவருக்குத் தெரிந்திருக்கும்.

தெகல்லாலாங் – தண்ணீரை அளக்கும் கட்டை

காலை ஏழு மணிக்குப் புறப்பட்டால் அரை மணி நேரத்திற்குள் தெகல்லாலாங் பள்ளத்தாக்கை அடையலாம். எதிர்ச் சரிவில் படிப்படியாக இறங்கும் வயல்களைப் பார்த்தவுடன் ஓர் ஐயம் தோன்றும். ஆறு ஆழமான பள்ளத்தில் ஓடுகிறது. வயலோ அதற்கு வெகு உயரத்தில் இருக்கிறது. இறைக்கும் இயந்திரமும் காணோம். பிறகு தண்ணீர் எப்படி ஏறியது?

தண்ணீர் ஏறவில்லை, மேலிருந்தே வருகிறது. ஆற்றின் போக்கில் வெகு தூரம் மேலே சென்று சிறு தடுப்பணை கட்டுகிறார்கள். அங்கிருந்து வாய்க்காலை மலைச்சரிவின் ஓரமாகவே, சிறிய வாட்டத்தில் கொண்டு வருகிறார்கள். குறுக்கே மேடு வந்தால் அதைக் குடைந்து சுரங்க வாய்க்கால் அமைக்கிறார்கள். எரிமலைச் சாம்பல் இறுகி உண்டான மென்மையான பாறை என்பதால் கையால் குடைய முடிந்தது. இச்சுரங்கங்களில் ஒரு கிலோமீட்டருக்கும் மேல் நீளமுள்ளவையும் உண்டு.

வயல் வரப்பருகே வந்ததும் வாய்க்காலின் குறுக்கே கிடக்கும் ஒரு கட்டையைக் கவனியுங்கள். இதற்குத் தெம்புக்கு என்று பெயர். ஒரே மட்டத்தில் பள்ளங்கள் வெட்டிய மரக்கட்டை இது. இப்போது பல இடங்களில் சிமெண்டால் கட்டியிருக்கிறார்கள். பள்ளத்தின் அகலமே தண்ணீரின் பங்கு. நிலம் கூடுதலாக உள்ள பக்கத்திற்கு அகலமான பள்ளம், குறைவாக உள்ள பக்கத்திற்குக் குறுகலான பள்ளம். வாய்க்காலில் வெள்ளம் வந்தாலும், தண்ணீர் வற்றிப் போனாலும் பங்கு மாறுவதில்லை. பெருகினால் எல்லோருக்கும் பெருகும். குறைந்தால் எல்லோருக்கும் குறையும். மதகைத் திறந்து மூட ஆள் தேவையில்லை. பங்கு சரியாக இருக்கிறதா என்பதை நடந்து செல்பவர் எவரும் கண்ணாலேயே பார்த்து அறியலாம்.

சுபாக் என்னும் பாசனச் சங்கம்

ஒரே நீர் ஆதாரத்திலிருந்து பாசனம் பெறும் உழவர்கள் அனைவரும் சேர்ந்த அமைப்புக்குச் சுபாக் என்று பெயர். தீவில் சுமார் 1,200 சுபாக்குகள் உள்ளன. ஒவ்வொன்றிலும் 50 முதல் 400 உழவர்கள் வரை உறுப்பினர்கள். இம்முறை 9ஆம் நூற்றாண்டிலிருந்து வழக்கில் இருப்பதாகக் கருதப்படுகிறது.

உழவர் எந்த ஊரில் குடியிருக்கிறார் என்று சுபாக் பார்ப்பதில்லை; அவருடைய வயல் எந்த வாய்க்காலில் இருக்கிறது என்றே பார்க்கிறது. ஒரே உழவருக்கு இரண்டு வாய்க்கால்களில் நிலம் இருந்தால் இரண்டு சுபாக்குகளிலும் அவர் உறுப்பினர். சங்கத்தின் தலைவரைப் பெக்காசே என்று அழைக்கிறார்கள். அவரை உறுப்பினர்களே தேர்ந்தெடுக்கின்றனர். தண்ணீரில் பங்கு உள்ளவருக்கு வாய்க்கால் தூர் வாருவதிலும் பங்கு உண்டு. வேலைக்கு வர இயலாதவர் அதற்கு ஈடாகப் பணம் செலுத்த வேண்டும். நம் நாட்டுக் குடிமராமத்தை அறிந்தவர்களுக்கு இது விளங்குவதில் சிரமம் இருக்காது.

தம்பாக்சிரிங் – ஊற்றும் கோயிலும்

தெகல்லாலாங்கிலிருந்து கிழக்கே சென்றால் தம்பாக்சிரிங். இங்குள்ள தீர்த்த எம்புல் கோயிலின் உள்ளே தரையிலிருந்து ஊற்று பொங்கி வருகிறது. பக்தர்கள் நீராடிய பின் அத்தண்ணீர் வீணாவதில்லை. வாய்க்கால் வழியே புலாகான் என்னும் சுபாக்கின் வயல்களுக்குச் செல்கிறது. அருகிலேயே பக்கெரிசான் ஆற்றின் பள்ளத்தாக்கில், 11ஆம் நூற்றாண்டில் பாறையில் குடைந்து அமைத்த குனுங் காவி சின்னங்களையும் பார்க்கலாம்.

பாலித் தீவில் தடுப்பணைக்கு ஒரு கோயில், வாய்க்கால் பிரியும் இடத்தில் ஒரு கோயில், வயல் தலைப்பில் ஒரு சிறு கோயில் என்று நீரின் வழி நெடுகக் கோயில்கள் உள்ளன. நெல்லின் தெய்வத்திற்குத் தேவி ஸ்ரீ என்று பெயர். இக்கோயில்கள் வழிபடும் இடங்கள் மட்டுமல்ல. ஒரு கோயிலைச் சேர்ந்த சுபாக்குகளின் தலைவர்கள் கூடி, இந்தப் பருவத்தில் எந்தச் சுபாக் எப்போது நீரைத் திறப்பது, எப்போது நடுவது, எப்போது நிலத்தைத் தரிசாக விடுவது என்று முடிவு செய்யும் இடமும் அதுவே.

தலைமடை உழவர் ஏன் தண்ணீர் விடுகிறார்?

இப்பயணத்தில் நாம் அறிய வேண்டிய முக்கியமான செய்தி இதுதான். மேலே இருப்பவர் நினைத்தால் தண்ணீரைத் தனக்கே வைத்துக்கொள்ளலாம். கீழே இருப்பவர் எதுவும் செய்ய முடியாது. இருந்தும் மேலே இருப்பவர் பங்கு தருகிறார். பக்தியும் ஊர்க் கட்டுப்பாடும் இதற்குக் காரணம் என்பது உண்மையே. இவற்றோடு உழவுத் தொழிலைச் சார்ந்த ஒரு காரணமும் உண்டு.

கீழ் வயல்காரர் தண்ணீர் கிடைக்காமல் ஒரு மாதம் பின்தங்கி நட்டால் என்ன ஆகும்? மேல் வயலில் அறுவடை முடியும்போது கீழ் வயலில் பயிர் பசுமையாக நிற்கும். புகையான், பச்சைத் தத்துப்பூச்சி, எலி ஆகியவை அங்கே குடியேறிப் பெருகும். மேல் வயலில் அடுத்த நடவு முடிந்தவுடன் அவை மேலேறி வரும். பூச்சிக்கு ஆண்டு முழுவதும் விருந்து. ஆனால் எல்லோரும் ஒரே சமயத்தில் நட்டு, ஒரே சமயத்தில் அறுத்து, நிலத்தைச் சில வாரங்கள் தரிசாக விட்டால் பூச்சிக்கு உணவும் இல்லை, தங்க இடமும் இல்லை. அறுத்த வயலில் வாத்துகளை மேய விடுவதால் சிந்திய தானியத்தோடு எஞ்சிய பூச்சிகளும் அழிகின்றன.

ஆகவே கடைமடைக்காரருக்குத் தண்ணீர் தேவை; தலைமடைக்காரருக்கோ கடைமடைக்காரர் தம்மோடு சேர்ந்து நடுவது தேவை. ஒருவர் தண்ணீரைத் தந்து, மற்றவர் நடவுக் காலத்தைத் தந்து, இருவரும் பயன் அடைகின்றனர்.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. ஆற்றுப் படுகை முழுவதும் ஒரே நாளில் சேறடிக்கத் தொடங்கினால் தண்ணீர் போதாது. ஆளுக்கொரு நாளில் நட்டால் தண்ணீர் போதும், ஆனால் பூச்சி பெருகும். எனவே பக்கத்துப் பக்கத்துச் சுபாக்குகள் சிலவற்றை ஒரு தொகுப்பாகச் சேர்த்து, தொகுப்புக்குள் ஒரே சமயத்திலும், தொகுப்புக்குத் தொகுப்பு சில வாரங்கள் இடைவெளி விட்டும் நடுகிறார்கள். ஸ்டீபன் லான்சிங் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளரும் ஜேம்ஸ் கிரெமர் என்ற சூழலியல் அறிஞரும் உபுத் அருகே ஓடும் ஊஸ், பெத்தானு ஆகிய ஆறுகளைச் சார்ந்த 172 சுபாக்குகளைக் கணிப்பொறியில் கணக்கிட்டுப் பார்த்தனர். கோயில்கள் வகுத்திருந்த தொகுப்பு முறைக்கு மிக நெருங்கிய முறையே நல்ல மகசூல் தரும் முறையாக அமைந்தது.

கிந்தாமணி – விதி மறந்த ஆண்டுகள்

தம்பாக்சிரிங்கிலிருந்து ஏறஏறக் குளிர் கூடும். நெல் வயல்கள் மறைந்து, காப்பியும் ஆரஞ்சும் கலந்த தோட்டங்கள் வரும். இத்தோட்டக்காரர்களுக்கும் புன்செய்ச் சுபாக்குகள் உண்டு. கிந்தாமணிக் காப்பி 2008இல் புவிசார் குறியீடு பெற்றது.

மலை விளிம்பில் நின்று பார்த்தால் 1,717 மீட்டர் உயரமுள்ள பாத்தூர் எரிமலையும், அதன் அடியில் தீவின் மிகப் பெரிய ஏரியும் தெரியும். ஏரியின் தெய்வமே ஆறுகளுக்கும் ஊற்றுகளுக்கும் தாய் என்பது மக்களின் நம்பிக்கை. 1926இல் எரிமலைக் குழம்பு கிராமத்தை மூடியபின், ஏரிக்கரையில் இருந்த பெரிய நீர்க் கோயிலை மலை விளிம்பில் மீண்டும் எழுப்பினர். புதிய வாய்க்கால் வெட்டுவது முதல் தண்ணீர்த் தகராறு வரை சுபாக்குகள் இங்கு வந்து ஆலோசனை கேட்கின்றன.

1970களில் இந்தோனேசிய அரசு உணவு உற்பத்தியைப் பெருக்க முனைந்தது. குறுகிய கால உயர் விளைச்சல் விதையும், உரமும், பூச்சிமருந்தும் கடனாக வழங்கப்பட்டன. முடிந்தவரை அடிக்கடி நடுங்கள், மற்றவருக்காகக் காத்திருக்க வேண்டாம் என்று உழவர்களுக்குச் சொல்லப்பட்டது. முதலில் மகசூல் கூடியது. சில ஆண்டுகளில் தண்ணீர்த் தகராறும் பூச்சித் தாக்குதலும் பெருகின. புகையான் தாக்கியது. அதைத் தாங்கும் ஐ.ஆர். 36 இரகத்தை நட்டார்கள். அதைத் துங்ரோ நோய் பிடித்தது. மருந்தின் அளவைக் கூட்டினார்கள். பூச்சியை உண்ணும் நன்மை செய்யும் உயிரினங்களும் சேர்ந்து அழிந்தன. முடிவில் உழவர்களே பழைய கோயில் முறைக்குத் திரும்பலாயினர். 1986இல் இந்தோனேசிய அரசும் நெற்பயிருக்குப் பயன்படுத்தி வந்த 57 பூச்சிமருந்துகளைத் தடை செய்தது.

புதிய இரகங்கள் தீயவை என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. அந்நாடு 1984இல் அரிசியில் தன்னிறைவு கண்டதற்கு அவையே துணை நின்றன. இன்றும் சுபாக் உழவர்களில் பலர் அவற்றையே பயிரிடுகின்றனர். விதையை மாற்றும்போது நடவுக் கட்டுப்பாட்டையும் கைவிட்டதே தவறாயிற்று.

பெங்லிப்புரான் வழியே இறக்கம்

பிற்பகலில் பாங்லி பகுதிக்கு இறங்கினால் பெங்லிப்புரான் என்னும் மலைக் கிராமம். ஒரே நேரான கல் பாவிய தெரு. இருபுறமும் ஒரே அமைப்பில் வாசல்கள். தெருவுக்குள் வாகனம் செல்லக் கூடாது. மோட்டார் சைக்கிளை வெளியே நிறுத்திவிட்டு நடந்து பாருங்கள். ஊரைச் சுற்றியுள்ள மூங்கில் காட்டை ஊராரே பாதுகாக்கின்றனர். மேட்டில் காடு இருந்தால்தான் கீழே ஊற்று வற்றாது என்பதை அவர்கள் அறிவார்கள்.

அங்கிருந்து உபுத் திரும்பும் வழியில் வயல்களுக்கு நடுவே புதிய விடுதிகள் எழுந்திருப்பதையும் பார்ப்பீர்கள். இதுவே இன்று சுபாக்கை எதிர்நோக்கும் பெரிய ஆபத்து. ஒரு வயல் கட்டடமானால் அந்த வயலோடு போவதில்லை. அதன் வழியே சென்ற வாய்க்கால் அடைபடுகிறது. தூர் வார ஓர் ஆள் குறைகிறார். கூட்டத்தில் ஒரு குரல் குறைகிறது.

பயணிகள் கவனிக்க வேண்டியவை

1. மழை குறைந்த ஏப்ரல் முதல் அக்டோபர் வரையிலான காலம் ஏற்றது. மலையில் எப்போதும் மழை வரலாம் என்பதால் மழைச் சட்டை அவசியம்.

2. இந்தோனேசியாவிலும் நம்மைப் போல் இடப்பக்கமே ஓட்ட வேண்டும். தலைக்கவசம் கட்டாயம். மோட்டார் சைக்கிள் ஓட்ட அனுமதிக்கும் சர்வதேச ஓட்டுநர் உரிமம் இல்லாமல் வண்டியைத் தொடாதீர்கள்.

3. இறக்கத்தில் பிரேக்கைத் தொடர்ந்து பிடித்தால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். கியர் வண்டியானால் கீழ் கியரில் இறங்குங்கள். இருட்டுவதற்குள் மலையை விட்டு இறங்கிவிடுங்கள்.

4. சாலையில் ஓலைத் தட்டில் வைத்த பூப்படையல் இருந்தால் விலகிச் செல்லுங்கள். ஊர்வலம் வந்தால் நிறுத்தி வழிவிடுங்கள். கோயிலுக்குள் இடுப்பில் துணி கட்டியே செல்ல வேண்டும்.

5. வரப்பில் நடக்குமுன் உழவரிடம் கேளுங்கள். வரப்பு இடிந்தால் அடுத்த படியும் இடியும். சில இடங்களில் உழவர்கள் உண்டியல் வைத்திருப்பார்கள். அதில் தயங்காமல் பணம் போடுங்கள். வயலைக் காப்பவர் கைக்கு நேராகச் சேரும் பணம் அது.

உழவர் பெருமக்களே! பாலிக்குச் செல்லும் வாய்ப்பு எல்லோருக்கும் அமைவதில்லை. ஆனால் ஒரே மடையில் பாயும் உழவர்கள் ஒன்றுகூடி, நாற்று விடும் நாளையும் நடவு முடிக்கும் வாரத்தையும் பேசி முடிவு செய்வதற்குக் கடல் கடக்க வேண்டியதில்லை, செலவும் இல்லை. வரும் பருவத்தில் விதை வாங்கும் முன் உங்கள் கடைமடைக்காரரைச் சென்று பாருங்கள். அவர் வயலில் தண்ணீர் சேரும் நாளைக் கேட்டறிந்து, அதையும் கணக்கில் கொண்டு உங்கள் நடவு நாளைக் குறியுங்கள். புகையானைத் தடுக்க நீங்கள் செய்யும் முதல் வேலை அதுவாக இருக்கட்டும்.