ரோட்டுக்கு ஒரு பிரேக், தோட்டத்துக்கு இரண்டு

“சார், நான் பிரேக்கைத்தான் மிதிச்சேன். வண்டி நிக்கல, திரும்பிருச்சு.”

உத்தமபாளையம் பக்கத்துத் திராட்சை விவசாயி ஒருவர், தோள்பட்டையில் கட்டுப் போட்டுக்கொண்டு இப்படிச் சொன்னபோது கூட இருந்தவர்கள் நம்பவில்லை. நான் நம்பினேன். பந்தலுக்குள் உழுது முடித்தவர், மினி டிராக்டரை அப்படியே ரோட்டில் ஏற்றியிருக்கிறார். டாப் கியரில் வரும்போது குறுக்கே ஓர் ஆடு பாய்ந்தது. அவசரத்தில் கால் விழுந்தது வலது பெடலில் மட்டும். வலது பின்சக்கரம் நின்றுவிட்டது. இடது சக்கரம் ஓடிக்கொண்டே இருந்தது. வண்டி வலப்பக்கமாகச் சுழன்று வாய்க்கால் கரையில் சாய்ந்துவிட்டது. எதிரே பஸ் வராதது அவருடைய நல்ல நேரம்.

இரண்டு பிரேக் பெடல்களையும் சேர்த்துப் பூட்டும் கொக்கியை உழவுக்காகக் கழற்றியவர், மறுபடி மாட்டவில்லை. அவ்வளவுதான் நடந்த தவறு.

இது இப்போது நினைவுக்கு வரக் காரணம், காமயகவுண்டன்பட்டி வாசகர் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி. ‘கிளட்ச் மிதித்துக் கியர் மாற்ற வேண்டாத ஹைட்ரோஸ்டாட்டிக் மினி டிராக்டரை ஓட்டிப் பார்த்தேன். பிரேக் இடது காலில் இருக்கிறது. பந்தலுக்குள் பிரேக் போட்டுத் திருப்ப முடியுமா? வாங்கலாமா?’ என்கிறார். முதலில், பிரேக் எப்படி வண்டியைத் திருப்புகிறது என்று பார்த்துவிடுவோம்.

மாட்டை இழுத்துப் பிடிப்பதுபோல

ஏர் பூட்டி உழுதவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. இடப்பக்கம் திருப்ப வேண்டுமென்றால் இடது மாட்டை இழுத்துப் பிடித்து, வலது மாட்டைத் தட்டிவிடுவோம். பிடித்த மாடு நின்ற இடத்தில் நிற்க, மற்றது சுற்றிவரும். டிராக்டரிலும் அதே கதைதான். பின் ஆக்சிலின் நடுவில் இருக்கும் டிஃபரென்ஷியல், இரண்டு சக்கரங்களும் வேறு வேறு வேகத்தில் ஓட இடம் கொடுக்கிறது. ஒரு சக்கரத்தைப் பிரேக் போட்டு நிறுத்தினால், அதன் பங்கு ஓட்டமும் சேர்ந்து மறு சக்கரத்துக்குப் போய்விடும். நின்ற சக்கரத்தைச் சுற்றி வண்டி திரும்பும்.

கம்பம் பள்ளத்தாக்கில் இதற்குத் தேவை அதிகம். 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சை, கல்தூண் பந்தலில் வளர்கிறது. தலைக்கு மேல் கொடி, பக்கத்தில் தூண், வரிசை முடிந்தால் வேலி. பெரிய டிராக்டர் நுழைய முடியாத இந்த இடத்துக்காகத்தான் மினி டிராக்டர் வாங்குகிறோம். வரிசைக் கடைசியில் இரண்டு முறை முன்னும் பின்னும் போகாமல் ஒரே வளைவில் திரும்ப, தனித்தனிப் பிரேக் உதவுகிறது. வாழைத் தோட்டத்திலும் தென்னந்தோப்பிலும் இதே நிலைமைதான்.

பந்தலுக்குள் திருப்பும் முறை

முதலில் வேகத்தைக் குறையுங்கள். அடுத்து ரொட்டவேட்டரையோ கலப்பையையோ தூக்குங்கள்; மண்ணுக்குள் இருக்கும்போது திருப்பினால் கருவியும் கெடும், சொட்டுநீர்க் குழாயும் அறுந்துபோகும். பிறகு ஸ்டீயரிங்கைத் திருப்புங்கள். வண்டி திரும்பத் தொடங்கிய பிறகுதான், திரும்பும் பக்கத்துப் பிரேக்கை மெதுவாக அழுத்த வேண்டும். இடப்பக்கம் திரும்ப இடது பெடல், வலப்பக்கம் திரும்ப வலது பெடல். வண்டி நேராகும்போது காலை எடுத்துவிடுங்கள்.

ஓங்கி மிதிக்காதீர்கள். நின்ற சக்கரம் அதே இடத்தில் மண்ணைக் குடைந்து பள்ளம் பறிக்கும். திராட்சையின் உணவு உறிஞ்சும் வேர்கள் பெரும்பாலும் மேல்மண்ணில்தான் பரவியிருக்கின்றன, அவை அறுபடும். டயர் பட்டன் தேயும், ஆக்சிலுக்கும் சுமை கூடும். இடம் தாராளமாக இருந்தால் ஸ்டீயரிங்கை மட்டும் வைத்தே திருப்புங்கள்.

சேற்றில் மாட்டினால் பயன்படுத்தும் டிஃபரென்ஷியல் லாக் போட்டிருக்கும்போது திருப்பவே கூடாது. அது இரண்டு சக்கரங்களையும் ஒன்றாகக் கட்டிவிடுவதால் ஒருபக்கப் பிரேக் வேலை செய்யாது. உள்ளே பல்சக்கரம்தான் அடிபடும்.

தோட்டத்து வாசலில் ஒரு நிமிடம்

தனிப் பிரேக் என்பது மெதுவான வேகத்துக்கு மட்டும் உரியது. வேகமாக ஓடும் வண்டியில் ஒரு சக்கரத்தை மட்டும் நிறுத்தினால் வண்டி கவிழும். டிரெய்லரில் வாழைத்தாரோ திராட்சைப் பெட்டியோ ஏற்றியிருந்தால், பின்னால் வரும் பாரம் தள்ளி டிரெய்லர் மடங்கி டிராக்டரின் மேலேயே வந்து மோதும். அதனால் தோட்டத்து வாசலைத் தாண்டும் முன் வண்டியை நிறுத்தி, இரண்டு பெடல்களையும் கொக்கி போட்டுச் சேர்த்துவிடுங்கள். சேர்ந்துவிட்டதா என்று ஒருமுறை மிதித்தும் பாருங்கள். கொக்கி துருப்பிடித்தோ வளைந்தோ இருந்தால் அன்றைக்கே சரிசெய்ய வேண்டும். கம்பி வைத்துக் கட்டி ஓட்டாதீர்கள்.

கம்பம்மெட்டு, போடிமெட்டு போன்ற மலைப்பாதையில் இறங்கும்போது தொடக்கத்திலேயே குறைந்த கியருக்கு வந்துவிடுங்கள். இறக்கத்தில் கிளட்சை மிதித்தபடி வண்டியை உருளவிடக் கூடாது. நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியாக இருந்தால், செங்குத்தான இறக்கத்தில் 4 வீல் டிரைவைப் போட்டுக்கொள்ளுங்கள். பின்சக்கரப் பிரேக்கின் பிடிப்பு முன்சக்கரத்துக்கும் கிடைக்கும்.

ஹைட்ரோஸ்டாட்டிக் வண்டியில் கால் எங்கே?

நம் பக்கம் ஓடும் மினி டிராக்டர்களில் பெரும்பாலானவை கியர் வண்டிகள்தான். இடது காலில் கிளட்ச், வலது காலில் இரண்டு பிரேக். இது நமக்குப் பழகிய அமைப்பு.

ஹைட்ரோஸ்டாட்டிக் வண்டியில், இன்ஜின் ஓர் எண்ணெய் பம்பை ஓட்டுகிறது. அந்த எண்ணெயின் அழுத்தம் மோட்டாரைச் சுழற்றிச் சக்கரத்தை ஓட்டுகிறது. நெல் அறுவடைக்கு வரும் பெல்ட் வண்டிகள் பலவற்றிலும் இதே முறைதான். மினி டிராக்டரில் இதைக் காலால் இயக்குகிறோம். முன்னால் போக, பின்னால் வர, வேகத்தைக் கூட்ட, குறைக்க எல்லாமே வலது கால் பெடலில். காலை எடுத்தாலே வண்டி வேகம் குறைந்து நின்றுவிடும். தூணுக்குத் தூண் நின்று நின்று போகும் பந்தல் வேலைக்கு இது வசதிதான்.

சிக்கல் பிரேக் இருக்கும் இடத்தில்தான். ஓட்டும் பெடலும் பிரேக்கும் ஒரே வலப்பக்கம் இருந்தால், பிரேக் மிதிக்க ஓட்டும் பெடலிலிருந்து காலை எடுத்தாக வேண்டும். எடுத்த உடனே ஓட்டம் நின்றுவிடும். ஓடாத வண்டியைப் பிரேக் போட்டுத் திருப்ப முடியாது. பிரேக் இடப்பக்கம் இருந்தால், வலது கால் ஓட்ட, இடது கால் பிடிக்கும், திருப்பலாம். ஆனால் அதற்கு இடப்பக்கம் இரண்டு பெடல் இருக்க வேண்டும். சிறிய வண்டிகள் பலவற்றில் ஒரே பெடல்தான். அது இரண்டு சக்கரத்தையும் சேர்த்தே நிறுத்தும். இன்னும் சில வண்டிகளில் பிரேக்கைத் தொட்டாலே ஓட்டும் பெடல் நடுநிலைக்கு வந்துவிடும்.

ஆகவே காமயகவுண்டன்பட்டி வாசகர் விற்பனையாளரிடம் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும்:

1. பிரேக் பெடல் ஒன்றா, இரண்டா?

2. ஓட்டும் பெடலை மிதித்துக்கொண்டே ஒருபக்கப் பிரேக்கைப் பிடிக்க முடியுமா?

3. பிரேக் இல்லாமல், ஸ்டீயரிங்கால் மட்டும் இந்த வண்டி எவ்வளவு இடத்தில் திரும்பும்?

பதிலை வாயால் வாங்காமல், வண்டியை உங்கள் பந்தலுக்கே கொண்டுவரச் சொல்லி, வரிசைக் கடைசியில் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். பிரேக் போடாமலே உங்கள் இடத்தில் திரும்பினால், ஒற்றைப் பெடல் வண்டி போதும். திரும்பாவிட்டால் இரட்டைப் பெடல் கட்டாயம் தேவை. கிளட்சுக்குப் பழகிய இடது கால் பிரேக்கை ஓங்கி மிதித்துவிடும். அதனால் முதல் வாரம் காலி நிலத்தில் ஓட்டிப் பழகுங்கள்.

எச்சரிக்கை ஒன்று. காலை எடுத்தால் நிற்கிறதே என்று ஹைட்ரோஸ்டாட்டிக் வண்டியைச் சரிவில் அப்படியே விட்டு இறங்கக் கூடாது. பார்க்கிங் பிரேக் போடாவிட்டால் மெல்ல உருளும். ஹை, லோ மாற்றும் லீவரைச் சரிவில் தொடவும் கூடாது. அது நியூட்ரலைக் கடக்கும்போது எண்ணெய் அழுத்தத்தின் பிடிப்பு விட்டுப்போய், வண்டி தறிகெட்டு ஓடும்.

பிரேக் சமமாக இருக்கிறதா?

எந்த வண்டியானாலும் மாதம் ஒருமுறை இதைச் செய்யுங்கள். ஆளில்லாத சமதரையில், கொக்கி போட்டபடி, மெதுவாக ஓட்டிப் பிரேக்கை அழுத்துங்கள். இறங்கிப் போய் மண்ணில் இரண்டு பின்சக்கரத் தடத்தையும் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் இழுத்த தடம் நீளமாக இருந்தாலோ, வண்டி ஒரு பக்கம் சாய்ந்து போனாலோ பிரேக் சமமாக இல்லை. வண்டியோடு வந்த புத்தகத்தில் சொன்ன அளவுக்கு இரண்டு பெடலின் ஆட்டத்தையும் மெக்கானிக்கிடம் சரிசெய்யுங்கள். பெடலுக்கு அடியில் சேறு காய்ந்து இறுகியிருந்தால் சுரண்டி எடுங்கள். ஈரச் செருப்போடு ஓட்டாதீர்கள்.

தோள்பட்டை முறிந்த அந்த விவசாயி இன்றும் அதே வண்டியைத்தான் ஓட்டுகிறார். போன மாதம் பார்த்தபோது தோட்டத்து வாசலில் நிறுத்திக் கொக்கியை மாட்டிக்கொண்டிருந்தார். “மறக்கலையே அண்ணே” என்றேன். வாசல் கல்தூணைக் காட்டினார். சிவப்புப் பெயின்ட்டில் ‘கொக்கி’ என்று எழுதி வைத்திருக்கிறார். “எனக்கு மட்டும் இல்ல சார், மகனும் ஓட்டுறான்ல” என்றார்.

உங்கள் தோட்டத்து வாசலிலும் அந்த ஒரு வார்த்தையை எழுதி வையுங்கள்.